தம்பிக்கு ஞாபக சக்தி லேகியம்... அண்ணனுக்கு உடம்பு ஏற லேகியம்!

"ஐயா, ரெண்டு பேருக்கும் ரெண்டு டப்பா லேகியம் கொடுத்துடுங்க. சின்னவனுக்கு ஞாபக சக்திக்கு. பெரியவனுக்கு உடம்பு ஏறுறதுக்கு."

போன வருஷம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்திலிருந்து வந்த ஒரு தாய், உட்காருவதற்கு முன்பே இப்படிச் சொன்னார். வீட்டுக்காரர் பட்டுத் தறி நெய்கிறவர். பல வருஷமாக என்னிடம் வைத்தியம் பார்க்கிற குடும்பம். சின்னவனுக்கு வயது பத்து, அஞ்சாம் வகுப்பு. பெரியவனுக்கு இருபது. டிப்ளமோ முடித்துவிட்டு ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனிக்கு ஷிப்ட் வேலைக்குப் போகிறான்.

"சின்னவன் ராத்திரி பதினோரு மணி வரைக்கும் படிக்கிறான் ஐயா. ஒரே பாடத்தைப் பத்து தடவை வாசிக்கிறான். காலையில கேட்டா முழிக்கிறான். கணக்குல நூத்துக்கு இருபத்தெட்டு. 'மந்தம்'னு டீச்சரே சொல்லிட்டாங்க. பெரியவன் நல்லாத்தான் இருந்தான். இப்போ சோறு வேணாம், இட்லி வேணாம்ங்கிறான். முட்டையில வெள்ளை மட்டும் பத்து திங்கிறான். சம்பளம் வந்தா ஒரு பவுடர் டப்பா வாங்கிடுறான். மூவாயிரம் ரூபாயாம்!"

அன்று இரண்டு பேருக்கும் நான் லேகியம் கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் இரண்டு பாடங்களாகச் சொல்லப் போகிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு தம்பியோ, ஒரு அண்ணனோ இருக்கலாம்.

முதல் பாடம்: புத்தகத்தை மூடு!

பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியவை ஐந்து. கண் பார்வை, காது கேட்பது, ரத்த சோகை, வயிற்றுப் பூச்சி, தூக்கம். கரும்பலகை தெரியாத பிள்ளையை 'மந்தம்' என்று திட்டுகிற வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இந்தப் பையனுக்கு முதல் நான்கிலும் குறை இல்லை. ஐந்தாவதில்தான் கோளாறு. ராத்திரி பதினோரு மணிக்குப் படுத்து, காலை ஐந்து மணிக்கு எழுப்பப்படுகிறான். ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைக்கு ஒன்பது மணி நேரத்துக்குக் குறையாமல் தூக்கம் வேண்டும். பகலில் படித்ததை மூளை அடுக்கி வைப்பது தூக்கத்தில்தான். தூக்கத்தைப் பிடுங்கிப் படிக்க வைப்பது, அடுப்பை அணைத்துவிட்டு உலையில் அரிசி போடுவது மாதிரி.

அடுத்தது, படிக்கிற முறை. பையனிடம், "எப்படிப் படிப்பே, காட்டு" என்றேன். சமூக அறிவியல் புத்தகத்தைத் திறந்தான். ஒரு பக்கத்தைக் கடகடவென்று வாசித்தான். மறுபடி அதையே வாசித்தான். மூன்றாவது தடவை ஆரம்பிக்கும்போது நான் புத்தகத்தை வாங்கி மூடிவிட்டேன்.

"இப்போ சொல்லு. என்ன படிச்சே?"

திருதிருவென்று விழித்தான். பிறகு இரண்டு விஷயம் சொன்னான். கொஞ்சம் யோசித்து மூன்றாவதும் வந்தது.

"பாத்தியா? இப்போ மூளை வேலை செஞ்சுது. முன்னாடி வாய் மட்டும்தான் வேலை செஞ்சுது."

இது நானாகச் சொன்னதில்லை. 2006-ம் வருஷம் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு மனோதத்துவ ஆராய்ச்சியாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு குழு ஒரு பாடத்தை நான்கு முறை வாசித்தது. இன்னொரு குழு ஒரே முறை வாசித்துவிட்டு, பாடத்தைப் பார்க்காமல், ஞாபகம் வந்ததை மூன்று முறை எழுதிப் பார்த்தது.

ஐந்து நிமிஷம் கழித்துப் பரீட்சை வைத்தபோது ஜெயித்தது வாசித்த குழு. அவர்கள் 83 சதவீதம், எழுதிப் பார்த்தவர்கள் 71 சதவீதம். ஆனால் ஒரு வாரம் கழித்து வைத்தபோது கதை தலைகீழ்! நான்கு முறை வாசித்தவர்களுக்கு 40 சதவீதம்தான் ஞாபகம் இருந்தது. எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம்.

தாய்மார்கள் ஏமாறுகிற இடம் இதுதான். ராத்திரி வாசித்த உடனே கேட்டால் பிள்ளை ஒப்பிக்கிறது. 'எல்லாம் தெரியுது' என்று நாமும் நம்புகிறோம், அதுவும் நம்புகிறது. அடுத்த வாரம் வகுப்பில் ஒன்றும் வரவில்லை. உடனே 'மறதி' என்று பெயர் வைத்து, லேகியம் கேட்டு வருகிறோம்.

மறதி என்பது நோய் அல்ல, மூளையின் இயல்பு. ஜெர்மனியைச் சேர்ந்த எப்பிங்ஹாஸ் என்பவர் அர்த்தமில்லாத எழுத்துக் கூட்டங்களைத் தானே மனப்பாடம் செய்து, தானே எவ்வளவு மறக்கிறோம் என்று அளந்து, 1885-ல் புத்தகமாகப் போட்டார். முதல் சில மணி நேரத்தில் மளமளவென்று மறக்கிறோம், பிறகு மறப்பது மெதுவாகிறது என்று கண்டார். அப்படியானால் என்ன செய்வது? மறக்க ஆரம்பிக்கும் சமயத்தில் மறுபடி நினைவுபடுத்த வேண்டும். இன்றைக்கு ஒரு மணி நேரம் சேர்த்துப் படிப்பதைவிட, இன்று இருபது நிமிஷம், நாளைக்கு இருபது நிமிஷம், அடுத்த வாரம் இருபது நிமிஷம் என்று பிரித்தால் நிற்கும்.

2013-ல் டன்லாஸ்கி என்ற பேராசிரியரும் அவருடைய சகாக்களும், மாணவர்கள் கையாளும் பத்துப் படிப்பு முறைகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு பலன் என்று அதுவரை வந்த ஆராய்ச்சிகளையெல்லாம் அலசினார்கள். முதல் வரிசையில் வந்தவை இரண்டே இரண்டு. ஒன்று, தன்னைத்தானே கேள்வி கேட்டுப் பார்ப்பது. இன்னொன்று, இடைவெளி விட்டுப் படிப்பது. திரும்பத் திரும்ப வாசிப்பது, வரிக்கு வரி கலர் கோடு போடுவது இரண்டும் கடைசி வரிசை. நம் வீடுகளில் நடப்பது பெரும்பாலும் இந்தக் கடைசி இரண்டும்தானே!

பூக்கடைக் கணக்கும் பள்ளிக்கூடக் கணக்கும்

"கணக்குல இருபத்தெட்டு" என்றார் அல்லவா அந்தத் தாய்? ஆனால் அந்தப் பையன் லீவு நாளில் கோயில் வாசலில் பாட்டியின் பூக்கடையில் கொஞ்ச நேரம் உட்காருவான் என்பது எனக்குத் தெரியும். அவனிடம் கேட்டேன்:

"முழம் முப்பத்தஞ்சு ரூபா. மூணு முழம் வாங்கிட்டு இருநூறு ரூபா நோட்டு கொடுக்கிறேன். மீதி எவ்வளவு?"

யோசிக்கவே இல்லை. "முப்பது மூணு தொண்ணூறு, அஞ்சு மூணு பதினஞ்சு, நூத்தஞ்சு. மீதி தொண்ணூத்தஞ்சு."

அதே கணக்கைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். 200-ஐ மேலே போட்டு, 105-ஐக் கீழே போட்டு, கழிக்கச் சொன்னேன். நகத்தைக் கடித்துக்கொண்டே விடை எழுதினான். 105!

பூஜ்யத்திலிருந்து ஐந்து போகாது. அதனால் ஐந்திலிருந்து பூஜ்யத்தைக் கழித்துவிட்டான். உலகம் முழுக்கப் பிள்ளைகள் செய்கிற தப்பு இது. "ஏண்டா கண்ணு, நூத்தஞ்சு ரூபாய்க்குப் பூ வாங்கி, மீதியும் நூத்தஞ்சு ரூபா வாங்கிட்டுப் போனா உன் பாட்டி என்னை விடுவாங்களா?" என்று கேட்டதும் குபீரென்று சிரித்தான். தானே அழித்துவிட்டு 95 என்று எழுதினான்.

இந்தப் பையனை மந்தம் என்று எப்படிச் சொல்வது?

2025-ம் ஆண்டு 'நேச்சர்' என்ற அறிவியல் இதழில் இதே விஷயம் பெரிய ஆராய்ச்சியாக வந்தது. 2019-ல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ இருவரும் மற்ற அறிஞர்களும் சேர்ந்து செய்தது. கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வியாபாரத்தில் இருந்த 1,436 பிள்ளைகளைச் சோதித்தார்கள். கிலோ இருபது ரூபாய் உருளைக்கிழங்கில் எண்ணூறு கிராம், கிலோ பதினைந்து ரூபாய் வெங்காயத்தில் ஒன்று நானூறு, கொடுத்தது இருநூறு ரூபாய் என்கிற மாதிரி வாங்கிப் பார்த்தார்கள். பெரும்பாலான பிள்ளைகள் மனக் கணக்காகவே சரியாகச் சொன்னார்கள். அதே பிள்ளைகள் பள்ளிக்கூடப் பாணியில் எழுதிய கணக்கைப் பார்த்ததும் தடுமாறினார்கள். வியாபாரம் அறியாத பள்ளிப் பிள்ளைகள் சந்தைக் கணக்கில் திணறினார்கள். பிரேசில் நாட்டில் ரெசிஃபே நகரத்துத் தெருக்களில் விற்பனை செய்த சிறுவர்களிடம் 1985-ல் வெளிவந்த ஆராய்ச்சியும் இதையேதான் கண்டது.

பாடம் என்னவென்றால், பிள்ளைக்குத் தெரிந்த வழி ஒன்று இருக்கிறது, பள்ளிக்கூடம் கேட்கிற வழி வேறு. இரண்டுக்கும் நடுவில் யாராவது பாலம் போட வேண்டும். 'விரல் விட்டு எண்ணாதே' என்று அடிப்பது பாலம் போடுவது ஆகாது. ராபர்ட் சீக்லர் என்ற மனோதத்துவ அறிஞர் பல வருஷம் பிள்ளைகளைக் கவனித்துச் சொன்னது இது: ஒரே பிள்ளை ஒரே வாரத்தில் மூன்று நான்கு வழிகளைக் கலந்து பயன்படுத்தும். ஒரு கணக்குக்கு விரல், இன்னொன்றுக்கு மனப்பாடம், மற்றொன்றுக்கு உடைத்துக் கூட்டுவது. பழகப் பழக நல்ல வழி தானாக முன்னுக்கு வரும், பழைய வழி மெல்ல விலகும். மூன்றும் எட்டும் கூட்டச் சொன்னால், எட்டை மனதில் வைத்து மூன்றை விரலில் எண்ணுகிற பிள்ளை புத்திசாலிப் பிள்ளை. கொஞ்சம் பொறுத்திருங்கள், விரல் தானாகவே மடங்கிவிடும்.

தறியிலும் திண்ணையிலும் படித்த பாடம்

நம் ஊர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. கோர்வைச் சேலையில் கரைக்கு ஒரு நிறம், உடலுக்கு ஒரு நிறம். மூன்று நாடா ஓட வேண்டும். பக்கத்தில் ஒரு கை உதவிக்கு வேண்டும். புதிதாகத் தறிக்கு வருகிறவரிடம் யாரும் பத்து தடவை வாசி என்று புத்தகம் கொடுப்பதில்லை. முதலில் பார்க்க விடுவார்கள், பிறகு பக்கத்தில் உட்கார்ந்து செய்ய விடுவார்கள், பிறகு தனியே விட்டுத் தூர நின்று கவனிப்பார்கள். ஒரு காலத்தில் பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளைகளைக் கடனுக்காகத் தறியில் உட்கார வைத்த கொடுமையும் இதே ஊரில் நடந்தது. அந்தக் காலம் திரும்பி வரக் கூடாது. நான் சொல்வது கற்றுக்கொடுத்த முறையை மட்டும்தான்.

மெக்ஸிகோவில் சியாபஸ் மலைப் பகுதி மாயா இனத்துப் பெண்கள் மகளுக்கு நெசவு கற்றுக்கொடுப்பதை பேட்ரீஷியா கிரீன்ஃபீல்டு என்ற அறிஞர் 1970-லும், இருபது வருஷம் கழித்து அதே ஊரிலும் கவனித்தார். முதலில் அம்மாக்கள் தப்பே வராதபடி கூடவே இருந்து கைபிடித்துச் சொல்லிக் கொடுத்தார்கள். பிறகு வியாபாரம் பெருகி, புதுப் புது டிசைன் தேவைப்பட்டபோது, பெண்கள் தாங்களே செய்து, தப்பு செய்து, பிரித்து, திருத்திக் கற்றுக்கொண்டார்கள். மாறாத வேலைக்குக் கைபிடித்துச் சொல்வது ஏற்றது. புதிது புதிதாக வருகிற வேலைக்குத் தப்பு செய்ய இடம் கொடுப்பது ஏற்றது. இன்றைய பள்ளிப் படிப்பு இரண்டாவது வகைதானே?

இன்னொரு கதையும் உண்டு. 1789-ல் சென்னை எழும்பூரில் அனாதைச் சிறுவர் விடுதிப் பள்ளியின் பொறுப்புக்கு வந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் ஊர்த் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் ஏற்பாட்டைத் தன் பள்ளியில் நடத்தினார். 1797-ல் லண்டனில் அதை எழுதி வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளுக்கே போனது! அடுத்தவருக்குச் சொல்லிக் கொடுக்கிற பிள்ளை, சொல்வதற்காக ஞாபகத்திலிருந்து எடுத்தே ஆக வேண்டும். அதனால் சொல்பவனுக்கும் பாடம் ஏறுகிறது.

வல்லாரையைப் பற்றிக் கேட்பீர்கள். வல்லாரைத் துவையல் நல்ல உணவு. வாரம் இரண்டு நாள் செய்து கொடுங்கள். ஆனால் அதைச் சாப்பிட்டால் மார்க் ஏறும் என்று சித்த மருத்துவம் படித்த நான் கையெழுத்துப் போட்டுத் தர மாட்டேன். மூன்று நான்கு மாதம் முறையாகப் படித்தும் எழுத்து இடம் மாறுகிறது, வாசிக்கவே திணறுகிறது என்றால் அது கற்றல் குறைபாடாக இருக்கலாம். அதற்கென்று உள்ள குழந்தை மனநல நிபுணரிடம் காட்டுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இரண்டாம் பாடம்: கண்ணாடி சொல்லும் பொய்

இப்போது அண்ணன். அம்மாவையும் தம்பியையும் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவனிடம் பேசினேன். நல்ல வெயில் காலம். உள்ளே பனியன், மேலே டி-ஷர்ட், அதற்கு மேலே முழுக்கைச் சட்டை.

"ஏன் தம்பி இவ்வளவு சட்டை?"

"கையி குச்சி மாதிரி தெரியுது ஐயா."

உயரம் 170 சென்டிமீட்டர். எடை 58 கிலோ. உயரத்துக்கு ஏற்ற எடைதான். நாடி, இதயம், எல்லாம் ஒழுங்கு. ஆனால் ரத்த அழுத்தம் 150-க்கு 96. இருபது வயதுக்கு இது அதிகம். முதுகு பூராவும் திடீரென்று வந்த பெரிய பெரிய பருக்கள். மார்பில் தொட்டால் வலி. எனக்குச் சந்தேகம் தட்டியது. "உண்மையைச் சொல்லு, ஊசி ஏதாவது போட்டியா?" என்றேன்.

தலையைக் குனிந்துகொண்டான். "ஜிம்முல ஒருத்தர் சொன்னாரு. ரெண்டு மாசமா போடறேன். அம்மாகிட்ட சொல்லாதீங்க."

ஆண் ஹார்மோன் வகை ஸ்டீராய்டு ஊசி. வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும் உடம்பு தன் சொந்த உற்பத்தியை நிறுத்திவிடும். விதைப்பை சுருங்கும், விந்தணு குறையும், மார்பு பெண்களைப் போல வீங்கும், நல்ல கொழுப்பு குறைந்து இதயத்துக்கு ஆபத்து வரும். மாத்திரையாகச் சாப்பிட்டால் கல்லீரலும் கெடும். எரிச்சலும் கோபமும் வரும். நிறுத்தியதும் மனச்சோர்வு அழுத்தும். பிள்ளை பெற வேண்டிய வயதில் ஆண்மையைக் காட்டுவதற்காக ஆண்மையையே இழக்கிற கொடுமை இது.

அன்று நான் எழுதியது லேகியச் சீட்டு அல்ல. அரசு மருத்துவமனைக்கு ஒரு கடிதம். ரத்தப் பரிசோதனை, ஹார்மோன் பரிசோதனை, மனநல மருத்துவர் ஆலோசனை மூன்றுக்கும் எழுதிக் கொடுத்தேன்.

பெண் பிள்ளைகள் 'குண்டாக இருக்கிறோம்' என்று பட்டினி கிடப்பது நமக்குத் தெரியும். ஆண் பிள்ளைகள் 'போதுமான உடம்பு இல்லை' என்று வாடுவது பலருக்குத் தெரியாது. அமெரிக்காவில் ஹாரிசன் போப் என்ற மனநல மருத்துவரின் குழு 1993-ல் இதை முதலில் எழுதியது. 1997-ல் இதற்குத் தனிப் பெயரே வைத்தார்கள். தசை பற்றிய மனக்குறை நோய் என்று சொல்லலாம். புஜம் எவ்வளவு பெருத்தாலும் கண்ணாடியில் குச்சியாகவே தெரியும். 2013-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியலிலும் இது இடம்பெற்றது.

அதே போப், 2000-ம் ஆண்டில் ஆஸ்திரியா, பிரான்ஸ், அமெரிக்கா மூன்று நாட்டிலும் சுமார் 200 கல்லூரி இளைஞர்களுக்குக் கம்ப்யூட்டரில் ஆண் உருவங்களைக் காட்டினார். 'நீ எப்படி இருக்க ஆசைப்படுகிறாய்?' என்றால், தங்கள் உடம்பைவிடச் சுமார் 13 கிலோ கூடுதல் தசை உள்ள உருவத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். 'பெண்களுக்கு எது பிடிக்கும்?' என்றால் அதைவிடவும் கொஞ்சம் கூடுதல். பெண்களையே கேட்டால்? சாதாரண உடம்பைத்தான் காட்டினார்கள்! யாரும் கேட்காத 13 கிலோவுக்காகத்தான் இத்தனை பாடு.

இந்த எண்ணம் எங்கிருந்து வருகிறது? அவர்கள் ஒரு வேடிக்கையான கணக்கும் போட்டார்கள். அமெரிக்கப் பையன்கள் விளையாடும் சிப்பாய் பொம்மையை 1964-லிருந்து அளந்தார்கள். நிஜ மனிதன் உயரத்துக்குக் கணக்கிட்டால், அன்றைக்கு அதன் புஜம் 12 அங்குலம். 1998-ல் வந்த பொம்மைக்கு ஏறக்குறைய 27 அங்குலம்! நம் ஊரில் பொம்மைக்குப் பதில் சினிமா. 2008-ல் 'வாரணம் ஆயிரம்' படத்தில் சூர்யாவின் 'சிக்ஸ் பேக்' உடம்பைப் பார்த்த பையன்கள் இன்று நாற்பதை நெருங்குகிறார்கள். நடிகருக்கு உடம்பு ஒரு தொழில். பயிற்சியாளர் உண்டு, சமையல்காரர் உண்டு, வெளிச்சம் போட ஆள் உண்டு. ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குகிற பையனுக்கு இதில் எது உண்டு? இப்போது செல்போனில் நாள் முழுக்க அந்த உடம்புகள்தான். 2005-ல் வெளிவந்த ஆராய்ச்சியில், தைவான் இளைஞர்களிடம் இந்தக் குறை மிகக் கொஞ்சமே காணப்பட்டது. ஆண்மைக்கு அடையாளம் தசை என்று அந்தச் சமூகம் அவ்வளவாக நினைக்கவில்லை. ஆக, இது ரத்தத்தில் வருவது அல்ல, பார்த்துப் பார்த்து வருவது.

சித்த மருத்துவத்தில் வாத தேகி, பித்த தேகி, கப தேகி என்று உடல்வாகைப் பிரிப்போம். வாத தேகி இயல்பாகவே மெலிந்திருப்பான். ஆல விதை ஆலமரமாகும், மூங்கில் மூங்கிலாகத்தான் வளரும். மூங்கிலை வைத்துத்தான் பாரம் தூக்குகிறோம்!

பவுடர் டப்பாவில் என்ன இருக்கிறது?

2024-ல் 'மெடிசின்' என்ற இதழில் கேரள மருத்துவர்கள் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். நம் நாட்டில் விற்கும் 36 புரதப் பவுடர்களைப் பரிசோதித்தார்கள். சுமார் 70 சதவீதத்தில் டப்பாவில் அச்சிட்ட புரத அளவும் உள்ளே இருந்ததும் ஒத்துப்போகவில்லை. சிலவற்றில் பூஞ்சை நஞ்சும், பூச்சிமருந்தும் இருந்தன. மூலிகை கலந்த பவுடர்களில் கல்லீரலைப் பாதிக்கக்கூடிய சரக்குகள் இருந்ததையும் சுட்டிக் காட்டினார்கள். எங்கள் அமுக்கராவும் அந்தப் பட்டியலில் உண்டு. மூலிகை என்றாலே பக்க விளைவு இல்லை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள், நானே சொன்னாலும்! 'ஒரே மாதத்தில் கன்னம் உப்பும்' என்று லேபிள் இல்லாமல் விற்கிற லேகியத்தில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு உண்டு. தயாரிப்பு உரிம எண் இல்லாத எந்த மருந்தையும் வாங்காதீர்கள்.

2024 மே மாதம் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட உணவு வழிகாட்டியிலும், உடம்பு ஏற்றப் புரதப் பவுடர் வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறார்கள். சாதாரண வேலை செய்கிறவருக்கு ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் புரதம் போதும். 60 கிலோ என்றால் 50 கிராம். நன்றாக உடற்பயிற்சி செய்கிறவருக்குக் கொஞ்சம் கூடுதல் வேண்டும். அதற்கும் நம் சமையலறையே போதும். இதோ ஒரு நாள் கணக்கு:

இரண்டு முழு முட்டை - 12 கிராம். (மஞ்சள் கருவை ஏன் வீசுகிறீர்கள்? அதிலும் புரதம் உண்டு.)
கொண்டைக்கடலைச் சுண்டல், காய்ந்த கடலை 50 கிராம் - 10 கிராம்.
வேர்க்கடலை 50 கிராம் - 12 கிராம்.
இரண்டு டம்ளர் பால் - 13 கிராம்.
சாம்பார், கூட்டில் பருப்பு 50 கிராம் - 11 கிராம்.
மூன்று வேளை சோறு, இட்லி, சப்பாத்தியிலிருந்து - சுமார் 20 கிராம்.

மொத்தம் எழுபத்தெட்டு கிராம். முட்டை சாப்பிடாதவர்கள் பச்சைப்பயறும் தயிரும் சேர்த்துக்கொள்ளலாம். மூவாயிரம் ரூபாய் டப்பா எதற்கு?

ஜிம்முக்குப் போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. தாராளமாகப் போகட்டும். பாரம் தூக்குவது எலும்புக்கும், சர்க்கரை நோய் வராமல் தடுப்பதற்கும் நல்லது. எதற்காகப் போகிறான் என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

பெயர் வைத்தது யார்?

அந்த அண்ணனிடம் கடைசியாகக் கேட்டேன்: "உன்னைக் குச்சின்னு முதல்ல யார் தம்பி சொன்னது?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னான்.

"நீங்கதான் ஐயா. பத்தாவது படிக்கும்போது ஜுரம்னு அம்மா கூட்டிட்டு வந்தாங்க. 'காத்தடிச்சா பறந்துடுவான் போலிருக்கே'ன்னு எல்லார் முன்னாடியும் சிரிச்சீங்க."

எனக்கு ஞாபகமே இல்லை. எத்தனை பையன்களிடம் அப்படித் தமாஷாகச் சொல்லியிருப்பேனோ! சொன்னவன் மறந்துவிட்டான், கேட்டவன் ஐந்து வருஷம் சுமந்திருக்கிறான். "மன்னிச்சுக்க தம்பி, நான் சொன்னது தப்பு" என்றேன். வைத்தியர் மன்னிப்புக் கேட்பார் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. அதற்குப் பிறகுதான் அவன் மனசு விட்டுப் பேசினான். அம்மாவிடம் ஊசி விஷயத்தைச் சொல்லவும் ஒப்புக்கொண்டான்.

தம்பிக்கு 'மந்தம்', அண்ணனுக்கு 'ஒல்லி'. இரண்டும் பெரியவர்கள் வைத்த பெயர்கள். அந்தப் பெயரைக் கழற்றத்தான் இரண்டு பேரும் லேகியம் தேடினார்கள். நல்ல பெயரும் சுமைதான் என்கிறது ஒரு ஆராய்ச்சி. 1998-ல் முல்லர், ட்வெக் என்ற இரு அறிஞர்கள் பத்து, பதினோரு வயதுப் பிள்ளைகளில் சிலரை 'நீ புத்திசாலி' என்றும், சிலரை 'நீ நன்றாக முயற்சி செய்தாய்' என்றும் பாராட்டினார்கள். பிறகு கடினமான கணக்கு கொடுத்தபோது, 'புத்திசாலி' பட்டம் வாங்கியவர்கள் சீக்கிரம் சோர்ந்தார்கள். தங்கள் மார்க்கைக் கூட்டிப் பொய் சொன்னவர்களும் அவர்களில்தான் அதிகம். ஆகவே பிள்ளையைப் பாராட்டும்போது செய்த வேலையைச் சொல்லிப் பாராட்டுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை

படிக்கும் பிள்ளைக்கு:

1. ஒரு முறை வாசித்ததும் புத்தகத்தை மூடி, ஞாபகம் உள்ளதைச் சொல்லவோ எழுதவோ சொல்லுங்கள். விட்டதை மட்டும் மறுபடி பார்க்கட்டும்.
2. திங்கட்கிழமை படித்ததை செவ்வாய், வெள்ளி, அடுத்த வெள்ளி என்று ஐந்து நிமிஷம் கேளுங்கள். உங்களுக்குப் பாடம் தெரிய வேண்டியதில்லை. புத்தகத்தை நீங்கள் வைத்துக்கொண்டு கேட்டால் போதும்.
3. கணக்கைக் கடைக் கணக்காக மாற்றிச் சொல்லுங்கள். பிறகு அதையே காகிதத்தில் எழுதச் செய்யுங்கள்.
4. தம்பி, தங்கைக்கோ, பாட்டிக்கோ பாடம் நடத்தச் சொல்லுங்கள்.
5. இரவு ஒன்பது மணிக்கு விளக்கை அணையுங்கள்.

வளர்ந்த பையன் வீட்டில் கவனிக்க வேண்டியவை:

1. ஓயாமல் கண்ணாடி பார்ப்பது, அல்லது கண்ணாடியையே தவிர்ப்பது.
2. வெயிலிலும் சட்டை மேல் சட்டை போடுவது.
3. கல்யாணம், திருவிழா, வேலை எதையும் ஜிம்முக்காக விடுவது. அடிபட்ட கையோடும் பாரம் தூக்குவது.
4. திடீர்ப் பரு, மார்பு வலி, காரணமில்லாத கோபம், ஒளித்து வைத்த மருந்துக் குப்பி.

இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து இருந்தால் திட்டாமல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். மனம் உடைந்து பேசினால் தாமதம் வேண்டாம். 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணுக்குப் பேசலாம். இலவசம். தமிழிலேயே பேசுவார்கள்.

அந்தக் குடும்பம் இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்பீர்கள். சின்னவன் ஆறாம் வகுப்பு. கணக்கில் ஐம்பத்திரண்டு. முதல் ரேங்க் இல்லை, ஆனால் ஒன்பது மணிக்குத் தூங்குகிறான், பள்ளிக்கூடம் போக அழுவதில்லை. பெரியவனுக்கு ரத்த அழுத்தம் இறங்க மூன்று மாதம் ஆனது. ஊசியை விட்டபின் சில வாரம் மிகவும் சோர்ந்திருந்தான். மனநல மருத்துவர் கைகொடுத்தார். இன்னும் ஜிம்முக்குப் போகிறான், வாரம் நான்கு நாள். இந்த வருஷம் வைகாசி கருட சேவை அன்று கூட்டத்தில் பார்த்தேன். ஒரே ஒரு அரைக்கைச் சட்டை போட்டிருந்தான். தம்பி அண்ணன் தோள்மேல் உட்கார்ந்து பெருமாளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

என் மருந்தகத்தில் இப்போது எந்தப் பிள்ளையின் உடம்பைப் பற்றியும் நான் தமாஷ் பேசுவதில்லை. எடையைப் பார்க்கிறேன், தாளில் குறித்துக்கொள்கிறேன், அவ்வளவுதான்.